பிராஜெக்டைப் பிள்ளை செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. சாப்பாடு முடிந்து, பாயை விரிக்கிற நேரம். அப்போதுதான் உங்கள் வீட்டுச் சுட்டிக்கு ஞாபகம் வரும். "அம்மா, நாளைக்கு சயின்ஸ் பிராஜெக்ட் கொண்டு போகணும்!" அவ்வளவுதான். அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். தெர்மோகோல், சார்ட், பசை, கலர் என்று பர்ஸ் இளைக்கும். அம்மா பதினொரு மணி வரை உட்கார்ந்து எரிமலை கட்டுவார். பிள்ளை? அது எட்டரை மணிக்கே கொட்டாவி விட்டு, இப்போது நல்ல தூக்கம்!

மறுநாள் எரிமலைக்கு 'வெரி குட்' கிடைக்கும். அந்த 'வெரி குட்' யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

சித்த வைத்தியருக்கும் சயின்ஸ் பிராஜெக்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, மூலிகையைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு நாங்கள் தப்பிக்க முடியாது. இலையைக் கசக்கணும், மோந்து பார்க்கணும், வேரை வெட்டிப் பார்க்கணும். கையும் மூக்கும் கற்றுக்கொண்டது இத்தனை வருஷம் ஆகியும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தானே செய்து பார்த்த பிள்ளை, 'கண்ணுக்குத் தெரிவது மட்டுமே உண்மையா?' என்று கேட்கப் பழகும். இந்த ஒரு கேள்வி பிற்காலத்தில் அதன் உடம்பைப் பல நோயிலிருந்து காப்பாற்றும்.

பேத்துப்பாறையில் என்ன இருக்கிறது?

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, படகு, சாக்லேட் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பேத்துப்பாறை அந்தப் பரபரப்புக்கு வெளியே, கீழே இருக்கிற மலைக் கிராமம். அஞ்சுவீடு அருவி அந்தப் பக்கம்தான். மூலிகை பார்க்க அங்கே போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: ஒரு ஸயின்ஸ் லேபுக்கு வேண்டியது எல்லாம் இங்கே சும்மாவே கிடக்கிறதே! சரிவான பாதை, ஓடுகிற தண்ணீர், மர நிழல், ஏறினால் குறைகிற காற்று... இதற்கு மேல் என்ன வேண்டும்?

மலைக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கீழே சொல்லும் ஐந்தில் நான்கை உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் சமையலறையிலுமே செய்யலாம். ஐந்தாவதுக்கு ஒரு மலைப் பயணம் போதும்.

1. ஆடும் தீக்குச்சி

பிசைந்த சப்பாத்தி மாவில் பட்டாணி அளவு உருண்டை எடுங்கள். அதில் ஒரு தீக்குச்சியை நட்டுவையுங்கள். பிள்ளையின் கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி மேஜையில் வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் நாடி துடிக்கிற இடத்தில் உருண்டையை ஒட்டுங்கள். கையை அசைக்கக்கூடாது. சில விநாடியில் தீக்குச்சி லேசாகத் தலையாட்டும். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அப்படியே மலர்ந்துவிடும்!

இனி கணக்கு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு? ஒரு நிமிஷம் கயிறு தாண்டிய பிறகு எவ்வளவு? பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிஷம்? அப்பா, தாத்தா, தங்கை என்று வீட்டில் எல்லோருக்கும் எண்ணி அட்டவணை போடட்டும். தாத்தாவைக் கயிறு தாண்டச் சொல்ல வேண்டாம். அவருக்கு உட்கார்ந்த கணக்கே போதும். ஓய்வாக இருக்கும்போது 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 70 முதல் 110 வரையும், பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரையும் இருப்பது வழக்கம். சின்ன உடம்பில் இதயம் வேகமாக ஓடும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

நாங்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பது வேறு. அதற்கு வருஷக் கணக்கில் பழக்கம் வேண்டும். பிள்ளை எண்ணினால் போதும். ஜுரமோ ஓட்டமோ இல்லாமல் சும்மா இருக்கும்போதே யாருக்காவது எண்ணிக்கை திரும்பத் திரும்ப அளவு மீறி வந்தால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூடவே இன்னொன்று. கெட்டியான சார்ட் பேப்பரை ஒரு அடி நீளக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைத் தம்பியின் நெஞ்சிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்கட்டும். 'லப்-டப்' கேட்கும். 1816-ல் பாரிஸில் லேன்னெக் என்ற மருத்துவர் இப்படிக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப்பே பிறந்தது!

2. ஆலம் சொல்லும் ரசாயனம்

கல்யாண வீட்டில் ஆலம் சுற்றுகிறார்களே, அந்தத் தண்ணீர் ஏன் சிவப்பு? மஞ்சளும் சிவப்பு இல்லை, சுண்ணாம்பும் சிவப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் எப்படிச் சிவக்கிறது? இதைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாதீர்கள்.

மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்துப் பட்டைகளாக நறுக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டையில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் மோர், ஒன்றில் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீர் என்று சொட்டுவிட்டுப் பார்க்கட்டும். காரத்தன்மை உள்ளவை சிவக்கவைக்கும். புளிப்பு உள்ளவை மஞ்சளாகவே விட்டுவிடும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள்! சாம்பார்க் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் அந்த இடம் சிவக்கிற ரகசியமும் இதுதான்.

ஆரோக்கியத்துக்கும் இதில் ஒரு உபயோகம் உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு, ஈரக் கையால் இந்தத் தாளைத் தொடச் சொல்லுங்கள். தாள் சிவந்தால் சோப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். "நல்லா கழுவு"ன்னு நீங்க நூறு தடவை சொல்றதை இந்தத் தாள் ஒரே தடவையில் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். தப்பித்தவறிப் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

3. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

ஐந்தில் மிக முக்கியமானது இதுதான். "மலைத் தண்ணி சார், கண்ணாடி மாதிரி இருக்கு. இதைப் போய் எதுக்குக் கொதிக்க வைக்கணும்?" மலைப் பக்கம் இந்தக் கேள்வியை நான் கேட்காத நாள் இல்லை. சுற்றுலா வருகிறவர்களும் அருவித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்கிறார்கள். மேலே எந்த வீடு, எந்த மாடு, எந்தக் கழிவு என்று யார் பார்த்தார்கள்?

இரண்டு பாட்டிலில் கலங்கல் தண்ணீர் எடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை கிடைக்கும். அதைச் சொரசொரப்பான கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உரைத்து, அந்த விழுதை ஒரு பாட்டிலில் மட்டும் கலக்குங்கள். இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். தேற்றாங்கொட்டை போட்ட பாட்டிலில் மண் அடியில் தங்கி, மேலே தெளிந்திருக்கும். முற்றிய முருங்கை விதையைப் பொடித்துப் போட்டாலும் இதே வேலையைச் செய்யும்.

காரணம் என்ன? நுண்ணிய மண் துகள்கள் ஒரே மாதிரி மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கொட்டையில் உள்ள பொருள்கள் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக் கட்டியாக்கும். கட்டியானால் கனம், கனமானால் அடியில் தங்கும். நகரத்துக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் போடுவதும் இதற்குத்தான். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்த வழக்கத்துக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "இதைக் குடிக்கலாமா?" குடிக்கலாம் என்றுதான் சொல்லும். உடனே இரண்டு டம்ளரில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, பிள்ளைக்குத் தெரியாமல் ஒன்றில் மட்டும் கால் ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். எதில் உப்பு என்று பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முடியாது! நாக்கில் வைத்தால்தான் தெரியும். உப்புக்காவது நாக்கு இருக்கிறது. டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதிக் கிருமிகளைக் கண்ணும் சொல்லாது, நாக்கும் சொல்லாது. தேற்றாங்கொட்டை மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. கொல்வது கொதி. தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிஷம். கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மூன்று நிமிஷம். அது ஏன் என்பதை ஐந்தாவது சோதனையில் பாருங்கள். சோதனை செய்த கலங்கல் தண்ணீரை மட்டும் யாரும் வாயில் வைக்கக்கூடாது.

4. சூரியனை அட்டையில் பிடிக்கலாம்

1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு பலமாக எழுந்தது. அந்த வழியாக வந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல் ஏற்பட்டது. 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். உலகம் அதை இன்றும் அவர் பெயரால் 'எவர்ஷெட் விளைவு' என்கிறது.

உங்கள் பிள்ளையும் சூரியனை அளக்கலாம். ஒரு அட்டையில் குண்டூசியால் சின்னத் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை நிழலில் இரண்டு மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத் தாளில் விழச்செய்யுங்கள். சின்ன வட்டம் விழும். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் படம்! ஸ்கேலால் அளந்தால் 18, 19 மில்லிமீட்டர் இருக்கும். அதை 2,000-ஆல் வகுத்து, சூரியன் இருக்கும் தூரமான 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கட்டும். விடை ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் வரும். உண்மையான குறுக்களவு சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம். ஒரு குண்டூசி போதும், பார்த்தீர்களா?

பேத்துப்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் மர நிழலில் நின்றால், தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் கிடக்கும். இலை இடுக்குகளே துளையாகி வரைந்த சூரியப் படங்கள் அவை. 2031 மே 21-ல் தென்னிந்தியாவில் கங்கண சூரிய கிரகணம் வருகிறது. அன்று அந்த வட்டங்கள் எல்லாம் வளையமாகும்.

ஆனால் சூரியனை நேரே பார்க்கவே கூடாது. துளை வழியாகவும் கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், தாம்பாளத் தண்ணீர் எதுவும் காப்பாற்றாது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகிப்போன பிறகுதான் பார்வை மங்குவது தெரியும்.

5. மலை இறங்கினால் நசுங்கும் பாட்டில்

பேத்துப்பாறைப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரரின் பையன் கேட்டான்: "சார், இந்தச் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் ஏன் இப்படி உப்பிக்கிட்டு நிக்குது?" எத்தனை அருமையான கேள்வி! பாக்கெட் கீழே சமவெளியில் அடைக்கப்பட்டது. மேலே வரவர வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, பாக்கெட் உப்புகிறது.

திருப்பிச் செய்து பாருங்கள். கொடைக்கானலில் ஒரு காலி வாட்டர் பாட்டிலை நன்றாக மூடுங்கள். பஸ்ஸில் இறங்கும்போது பிள்ளை கையில் கொடுங்கள். வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் யாரோ பிழிந்த மாதிரி நசுங்கியிருக்கும். எந்தக் கொண்டை ஊசி வளைவில் நசுங்க ஆரம்பித்தது என்று பிள்ளை குறித்துக்கொண்டே வரட்டும். வாந்தி ஞாபகமே வராது!

காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடல்மட்டத்தில் 100 டிகிரி என்றால் கொடைக்கானலில் சுமார் 93 டிகிரி. கொதி சீக்கிரம் வரும், ஆனால் சூடு குறைவு. அதனால்தான் மலையில் பருப்பு வேக நேரமாகிறது, பிரஷர் குக்கர் தேவைப்படுகிறது. குடிநீரைக் கூடுதல் நேரம் கொதிக்கவிடச் சொன்னதும் இதனால்தான். காது அடைப்பதும் இதே காற்றழுத்த வித்தியாசத்தால். மிட்டாய் சப்பக் கொடுங்கள், கொட்டாவி விடச் சொல்லுங்கள், திறந்துகொள்ளும். கடுமையான சளியும் காதுவலியும் உள்ள பிள்ளையை மலைக்கு அழைத்துப் போவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

இவை மட்டும் வேண்டவே வேண்டாம்

பாதரசம்: பழைய ஜுரமானி உடைந்தால் உள்ளே உருளும் வெள்ளி முத்து பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் சித்த நூல்கள் ரசத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. அதைப் படித்தவன் என்பதாலேயே சொல்கிறேன், அது விளையாட்டுப் பொருள் இல்லை. அதன் ஆவி மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொடைக்கானலிலேயே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. வீட்டில் ஜுரமானி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஜன்னல்களைத் திறங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துவையுங்கள். ட்யூப்லைட்டை உடைத்துப் பிராஜெக்ட் செய்வதும் கூடாது. அதிலும் பாதரசம் உண்டு.

பட்டன் பேட்டரி: குட்டி விளக்கு எரியவைக்க இதை வாங்குகிறார்கள். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

தனியே ஓடை, அருவிப் பக்கம்: பேத்துப்பாறை, அஞ்சுவீடு பகுதி யானை நடமாட்டம் உள்ள இடம். தண்ணீர் எடுக்கப் போவதானாலும் உள்ளூர்ப் பெரியவர் துணையோடுதான், பகலில்தான்.

செலவில்லாத லேப்

'இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடக்குமா?' என்று சந்தேகம் வரலாம். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கி 2002 வரை ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள். அங்கே 1978-ல் போய்ச் சேர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. இன்ஜினியர் அர்விந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்தே அறிவியல் பொம்மைகள் செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம் தமிழ்நாட்டில் 1987-லிருந்து 'துளிர்' பத்திரிகை இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக 2022 நவம்பர் 28-ல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் என்ன செய்கிறார்கள் என்று போய் விசாரியுங்கள்.

வீட்டில் உங்கள் வேலை மூன்றுதான். ஒன்று, நெருப்பு, கண்ணாடி, சுண்ணாம்பு பக்கம் நீங்கள் நில்லுங்கள். மற்றதில் கை வைக்காதீர்கள். இரண்டு, சோதனை சரியாக வராவிட்டால் திட்டாதீர்கள்; ஏன் வரவில்லை என்று யோசிப்பதும் அறிவியல்தான். மூன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி போட்டு, செய்ததையும் பார்த்ததையும் பிள்ளை தன் எழுத்தில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள்: 'குறிஞ்சி: 2006, 2018, அடுத்தது 2030.' பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்த மலையை நீலமாக்கும் பூ சொன்ன கணக்குப்படி வருகிறதா என்று உங்கள் பிள்ளையே போய்ப் பார்த்துச் சொல்லட்டும். தெர்மோகோல் எரிமலை அன்று எந்தக் குப்பையில் கிடக்குமோ... நோட்டு பத்திரமாக இருக்கும்!